கதவைப் பிடித்துக்கொண்டிருந்த டைனோசர் முட்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலில் நான் செய்த முதல் காரியம், ஒரு சிமெண்ட் ஆலையின் மூன்று அதிகாரிகள் முன்னால் நின்றுகொண்டு, அவர்கள் அறைக்கதவு காற்றில் அடிக்காமலிருக்க வைத்திருந்த இரும்புக் குண்டை டைனோசர் முட்டை என்று அறிவித்ததுதான். வெறுமனே அறிவித்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஆதாரத்தோடு நிரூபித்தேன். தாய் டைனோசர் மண்ணில் குழி பறித்து எப்படி முட்டையிட்டிருக்கும் என்று கையால் பறித்தும் காட்டினேன்.

போன மாதத்தோடு சுரங்க வேலையிலிருந்து விலகிவிட்டேன். எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. என் முழங்கால்களுக்கு எப்போதோ ஆகிவிட்டது. புதிதாக ஜியாலஜிஸ்டுகளாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர், இன்டர்வியூவில் பதற்றத்தில் அப்பா பெயரைக் கேட்டதற்குத் தன் பெயரைச் சொல்லிவிட்டதாகக் கேண்டீனில் தலையில் அடித்துக்கொண்டதைக் கேட்டேன். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். தம்பி, உங்களுடையதெல்லாம் ஒரு உளறலா?

அப்போது நான் திருச்சியில் எம்.எஸ்ஸி. கடைசி செமஸ்டர். அரியலூர்ப் பக்கத்து ஓடைகளில் கிடைக்கிற கல்லாகிப்போன சிப்பிகளைப் பற்றி ஆய்வறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். மாதக்கணக்கில் வெயிலில் குனிந்து குனிந்து சிப்பி பொறுக்கியதில், எதைப் பார்த்தாலும் ஒரு காலத்தில் உயிரோடு இருந்ததாகவே தெரிய ஆரம்பித்துவிட்டது. ஹாஸ்டல் இட்லியை ஒருநாள் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்து வரிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, பரிமாறுகிறவர் பயந்துபோய் வேறு இட்லி வைத்தார். போதாக்குறைக்கு, இந்தப் பக்கத்து மண்ணில் டைனோசர் முட்டை கிடைக்கிறது என்ற பேச்சு எங்கள் டிபார்ட்மெண்டில் சதா ஓடிக்கொண்டிருந்தது. ஆளாளுக்கு ஒரு முட்டைக் கனவு.

எனக்கு முட்டையைவிட அவசரம் வேலை. ஜெயங்கொண்டத்தில் என் அக்கா வீட்டுக்காரர் டைல்ஸ் கடை வைத்திருந்தார். படிப்பு முடிவதற்குள் வேலை கிடைக்காவிட்டால் கடைக்கு வந்துவிடுகிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

"ஜியாலஜின்னா என்ன மாப்ள, கல்லுதானே? நானும் கல்லுதான் விக்கிறேன். என்ன, உன் கல்லுல பூ போட்டிருக்காது" என்பார்.

அவர் வாயளவில் நிற்கவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு சுழல் நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டார். பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. நான் கடைக்குள் போகும்போதெல்லாம் அந்த நாற்காலி ஃபேன் காற்றில் மெதுவாக என் பக்கம் திரும்பும்.

அந்த நேரத்தில்தான் ஒரே நாளில் இரண்டு இன்டர்வியூ வந்தது. காலையில் பெரம்பலூரில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் லெக்சரர் வேலை. மதியம் அரியலூரில் சிமெண்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஜியாலஜிஸ்ட் வேலை. இரண்டிலும் ஒவ்வொரு இடம்தான். என் ஆய்வுக்கு வழிகாட்டியான பேராசிரியரிடம் லீவு கேட்கப் போனேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"ரெண்டு சேப்டர் பாக்கி வச்சிருக்க. ஒரு நாள் போயிட்டு வா. திரும்பி வரும்போது வேலையோட வா, இல்லாட்டி சேப்டரோட வா. சும்மா மட்டும் வந்துடாத."

பெரம்பலூருக்கு என் ரூம்மேட் குமரவேலும் வந்தான். அவனுக்கு ஊர் செந்துறை. காலேஜ் இன்டர்வியூவுக்கு மட்டும்தான் அவன் விண்ணப்பித்திருந்தான். அங்கே வழக்கம் என்னவென்றால், கேள்விக்குப் பதிலாக டெமோ கிளாஸ் எடுக்கச் சொல்வார்கள். பெஞ்சுகளில் ஹெச்.ஓ.டி.யும் மற்ற வாத்தியார்களும் மாணவர்கள்போல உட்கார்ந்திருப்பார்கள். நாம் அவர்களை மாணவர்களாக நினைத்துக்கொள்ள வேண்டும். அவர்களும் அந்த வேஷத்தை ரசித்துச் செய்வார்கள். கடைசி பெஞ்சில் ஒருவர் நிஜமாகவே தூங்கினார்.

நான் இருபது நிமிடத்துக்கான பாடத்தை போர்டைப் பார்த்தபடியே ஒரே மூச்சில் ஒப்பித்து முடித்துவிட்டுத் திரும்பினேன். ஹெச்.ஓ.டி. கை தூக்கினார்.

"சார், ஒரு டவுட். அணை கட்டுற எடத்துல சுண்ணாம்புப் பாறை இருந்தா என்ன பண்ணணும் சார்?"

என்னை அவர் சார் என்று கூப்பிட்டதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோனது. "தெரியாது சார்" என்றேன். அடுத்தவர் ஒன்று கேட்டார். "தெரியாது சார்." அதற்கடுத்தவர் இரக்கப்பட்டு, "எந்த பஸ்ஸுல வந்தீங்க?" என்றார். அதற்கும் வாய் தன்பாட்டில் அதே பதிலைச் சொல்லிவிட்டது.

குமரவேல் உள்ளே போனான். அரைமணி நேரத்தில் வேலையோடு வெளியே வந்தான்.

அரியலூர் பஸ்ஸில் அவனுக்குக் கால் தரையில் படவில்லை. அரியலூர் போய்த்தான் அவன் ஊருக்கு பஸ் மாறவேண்டும் என்பதால், என் இன்டர்வியூ முடிகிறவரை கூட இருக்கிறேன் என்றான். ஜன்னலுக்கு வெளியே பருத்திக் காடும் சோளக்காடுமாக ஓடிக்கொண்டிருந்தது. எதிரே வருகிற லாரிகள் வெள்ளைத் தூசியை எங்கள் முகத்தில் பூசிவிட்டுப் போயின. குமரவேல் ஒரு கையால் தூசியைத் துடைத்துக்கொண்டு மறு கையால் எனக்குப் பாடம் எடுத்தான்.

"உன் பிரச்சன என்னன்னு சொல்லட்டா? தெரியாதுங்கிற வார்த்தைய நீ ரொம்ப ஆசையா சொல்றடா."

"தெரியலன்னா வேற என்ன சொல்றது?"

"என்னமாச்சும் சொல்லு. கண்ணப் பாத்து சொல்லு. நான் உள்ள போயி என்ன சொன்னேன்னு எனக்கே தெரியல. ஆனா அடிச்சு சொன்னேன். அந்த ஹெச்.ஓ.டி. எழுதிக்கிட்டாருடா!"

முன்சீட்டில் மடியில் சேவலோடு உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்து, "தம்பி சொல்றது சரிதான்" என்றார். எதைச் சரி என்றார் என்று தெரியவில்லை. ஆனால் கண்ணைப் பார்த்து, அடித்துச் சொன்னார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

ஆலையின் சுரங்க ஆபீஸ் வராந்தாவில் எங்களுக்குப் பெஞ்சு போட்டிருந்தார்கள். என்னோடு சேர்த்து மூன்று பேர். ஒருவர் டை கட்டியிருந்தார். இன்னொருவர் கண்ணை மூடி எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். நான்தான் கடைசி. வெயில் காலம், அனல் காற்று வராந்தாவில் புகுந்து அடித்தது. அப்போதுதான் அறைக்கதவின் கீழே அதைப் பார்த்தேன். எழுந்துபோய்க் குனிந்து பார்த்தேன்.

சாத்துக்குடியைவிடக் கொஞ்சம் பெரிது. உருண்டை, ஆனால் முழு உருண்டையில்லை. ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. மேலே வெள்ளையாக ஓர் ஓடு. அந்த ஓடு மெல்லிசாக வெடித்து, பொருக்குப் பொருக்காக நின்றது. வெடிப்புக்குள்ளே செம்பழுப்பு நிறம். நான் படித்த புத்தகத்திலெல்லாம் முட்டை ஓடு இப்படித்தான் இருந்தது. இவ்வளவு பெரிய கம்பெனி, இத்தனை அதிகாரிகள், ஒருவருக்கும் தெரியாமல் கோடிக்கணக்கான வருஷத்துச் சொத்தைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்களே! குமரவேலைப் பார்த்தேன். அவன் கேட்டுக்கு வெளியே கரும்பு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தான்.

என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே மூன்று பேர். நடுவில் சுரங்க மேனேஜர். பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிற ரகம். ஒரு பக்கம் ஆள் எடுக்கிற பிரிவின் ஆபீசர், டீயோடு இருந்தார். மறுபக்கம் லேபில் வேலை செய்யும் கெமிஸ்ட் மேடம்.

"வாங்க தம்பி. உங்களப் பத்தி சொல்லுங்க" என்றார் மேனேஜர்.

கண்ணைப் பார் என்றது குமரவேலின் குரல். பார்த்தேன்.

"என்னப் பத்தி அப்புறம் சொல்றேன் சார். மொதல்ல உங்க கதவப் பத்தி சொல்லணும்."

"கதவா?"

"கதவுக்குக் கீழ என்ன வச்சிருக்கீங்கன்னு தெரியுமா சார்?"

"ஏன், கால்ல இடிச்சிக்கிட்டீங்களா?" என்றார் டீ ஆபீசர்.

"அது டைனோசர் முட்டை சார்."

மேனேஜரின் முகத்தில் ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

"அப்படிங்களா. எடுத்துட்டு வாங்க, பாப்போம்."

பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கி வந்தேன். முட்டை நகர்ந்ததும் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. மேஜைமேல் வைத்தேன். டீ ஆபீசர் தன் ஃபைல்களை நகர்த்தி இடம்விட்டார்.

"டைனோசர்னா பெருசா இருக்கும்பாங்களே. இது சின்னதா இருக்கே தம்பி?"

"குட்டி ரகம் சார். கோழி அளவுலகூட இருந்திருக்கு."

"சைவமா, அசைவமா?"

"முட்டைய வச்சு உறுதியா சொல்ல முடியாது சார். ஆனா அசைவம்னுதான் தோணுது."

மேனேஜர் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். "கனம் ரொம்ப இருக்கே?"

ஒரு விநாடி திணறினேன். ஒரே விநாடிதான். "கோடிக்கணக்கான வருஷமா மண்ணுக்குள்ள இருந்திருக்கு சார். உள்ள இருந்த கரு போயி, அந்த எடத்துல இரும்பு ஏறியிருக்கு."

"கருவுல இரும்புச் சத்து. நல்லதுதான" என்றார் டீ ஆபீசர், டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு.

தாய் டைனோசர் குழி பறித்த காட்சி இந்த இடத்தில்தான் நடந்தது. அதை விவரிக்க வேண்டாம். அதற்கப்புறம் பேன்ட் பையிலிருந்து ஆசிட் பாட்டிலை எடுத்தேன். சுண்ணாம்பு இருக்கிற கல்மேல் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். அதற்காக அந்தச் சின்ன பாட்டிலை நாமெல்லாம் விபூதி மாதிரி கூடவே வைத்திருப்போம், உங்களுக்குத் தெரியும். ஒரு சொட்டு விட்டேன். பொசுபொசுவென்று நுரைத்தது.

"பாத்தீங்களா சார்! முட்டை ஓடு!"

கை ஆட்டிய வேகத்தில் இன்னொரு சொட்டு தரையில் விழுந்தது. மொசைக் தரை. அதுவும் பொசுபொசுவென்று நுரைத்தது.

கெமிஸ்ட் மேடம் அதுவரை வாய் திறக்கவில்லை. மேஜைக்கு மேலாக எட்டித் தரையைப் பார்த்தார்.

"அப்ப எங்க தரையும் முட்டைங்களா?"

"அது... மொசைக்ல மார்பிள் தூள் இருக்கும் மேடம். அது சுண்ணாம்பு. அதான்..." என்று ஆரம்பித்தேன். என் வாக்கியம் எனக்கெதிராகவே போய்க்கொண்டிருந்ததால் பாதியில் நிறுத்தினேன்.

மேனேஜர் டெலிபோனைப் பக்கத்தில் இழுத்தார்.

"அப்ப இது பெரிய விஷயம் தம்பி. இந்த முட்டை நம்ம குழியிலேருந்துதான் வந்திருக்கணும். வேலைய நிறுத்திடறேன். ஷிப்டுல இருக்கிற ஆளு, வண்டி எல்லாத்தயும் மேல ஏறச் சொல்லிடறேன். கலெக்டர் ஆபீசுக்கு சொல்லணும். பேப்பர்காரங்க வருவாங்க. எல்லாம் உங்க பேர்லதான் சொல்லப்போறேன்." ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். "சொல்லிடட்டுமா?"

எண்ணை அழுத்த ஆரம்பித்தார்.

தம்பிகளே, தங்கைகளே, அந்தச் சில விநாடிகளைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அதுவரைக்கும் அது முட்டையாக இருக்கவேண்டும் என்பது மட்டும்தான் என் கவலை. அவர் ரிசீவரை எடுத்த பிறகுதான், அது முட்டைதானா என்ற கவலை வந்தது. இரண்டும் ஒரே கவலைபோலத் தெரியும். இல்லை. குழிக்குள் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிற யாரோ ஒருவர் என் வாயிலிருந்து வந்த சொல்லை நம்பி வண்டியை நிறுத்தப் போகிறார். அப்போதுதான் என் உள்ளங்கையைப் பார்த்தேன். செம்பழுப்பாக இருந்தது. எந்த முட்டை கையில் துருவை ஒட்டும்?

"சார், ஒரு நிமிஷம்."

பையில் ஹாஸ்டல் ரூம் சாவி இருந்தது. அதை வைத்துச் சுரண்டினேன். வெள்ளை ஓடு பொலபொலவென உதிர்ந்தது. வெள்ளையடித்தபோது சொட்டிக் காய்ந்த சுண்ணாம்பு. அதற்கடியில் துரு. இன்னும் அழுத்திச் சுரண்டினேன். அடியில் பளபளவென்று இரும்பு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தது.

ஜெயங்கொண்டத்தில் சுழல் நாற்காலி ஒரு முழுச் சுற்று சுற்றி நின்றது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் "இது மிகவும் அபூர்வமான, முழுக்க இரும்பாகவே மாறிவிட்ட முட்டை" என்ற வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

"சார், போன வச்சிடுங்க சார்."

"ஏன்?"

"இது முட்டை இல்ல."

"பின்ன?"

"இரும்பு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது சார்."

"சார்," என்றார் டீ ஆபீசர், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த லைன் டெட்டாயி ரெண்டு நாளாச்சு சார்."

மேனேஜர் ரிசீவரை வைத்தார். "நம்ம மில்லுக்குள்ள கல்லு அரைக்கப் போடுற குண்டு தம்பி. தேஞ்சுபோனது. சந்தேகம் எப்ப வந்துச்சு?"

"நீங்க போன எடுத்தப்ப சார்."

"அதுக்கு முன்னாடியே வந்திருக்கணும்."

"ஆமா சார்."

"சரி, போயிட்டு வாங்க. அத எடுத்த எடத்துலயே வச்சிட்டுப் போங்க. காத்து அடிக்குது."

கடைசி வரைக்கும் என்னைப் பற்றி மறுபடி யாரும் கேட்கவில்லை. குண்டைக் கதவடியில் வைத்துவிட்டு வெளியே வந்தபோது உள்ளே மூன்று பேரும் சேர்ந்து சிரித்த சத்தம் கேட் வரைக்கும் கூடவே வந்தது. குமரவேல் ஓடி வந்தான்.

"எப்படிடா? அடிச்சு சொன்னியா?"

"சொன்னேன்."

"கண்ணப் பாத்து?"

"ஆறு கண்ணையும் பாத்து."

பஸ் ஸ்டாண்டில் வைத்து முழுக் கதையும் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் செந்துறை பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் போய்விட்டது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஒரு கட்டத்தில் பூக்கடை அக்கா, "ஏந்தம்பி, பாஸா பெயிலா?" என்று கேட்டார். "பெயிலுக்கா!" என்று இருவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டு மறுபடி சிரித்தோம். ஜெயங்கொண்டத்தில் இருக்கும் என் அக்காவுக்கு போன் போட்டு, மாமாவிடம் நாற்காலி உறையைப் பிரிக்கச் சொல்லிவிட்டேன்.

ஆய்வறிக்கையை பைண்டிங்குக்குக் கொடுத்த வாரத்தில் ஆலையிலிருந்து வேலைக்கான ஆர்டர் வந்தது. மூன்று தடவை கவரைத் திருப்பிப் பார்த்தேன். என் பெயர்தான். பேராசிரியர் ஆர்டரைப் படித்துவிட்டு, "அவங்க உன்ன நேர்ல பாத்தாங்கதான?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கப்புறம் சுரங்கத்தில் எத்தனையோ வருஷம். நல்ல கல் இந்தப் பக்கம் இன்னும் நீளுகிறது என்று நான் மேப் போட்டுக் கொடுத்து, அதை நம்பி மெஷினைக் கொண்டுவந்து நிறுத்தியபிறகு, மழை விட்ட ஒரு காலையில் பாறை முகத்தில் களிமண் கோடு தடித்துக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறேன். நல்ல கல் அங்கே முடிகிறது, என் மேப் தப்பு என்று அர்த்தம். யாரும் இன்னும் கவனித்திருக்க மாட்டார்கள். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்று தோன்றும். அப்போதெல்லாம் எனக்குள்ளே ஓர் ஆள் ரிசீவரை எடுப்பார். நான் "போன வச்சிடுங்க சார்" என்று முணுமுணுத்துக்கொண்டே மேனேஜர் அறைக்கு நடப்பேன். திட்டு வாங்குவேன். மெஷினை நகர்த்துவார்கள். அவ்வளவுதான், வானம் இடிந்து விழுந்ததில்லை.

புதிதாக வருகிற ஒவ்வொரு செட்டுக்கும் இந்தக் கதையைச் சொல்லி, முடிவில் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி ஒரு தத்துவமும் சொல்வேன்: தப்பை உடனே ஒத்துக்கொள்ளுங்கள், அதற்காகத்தான் என்னை எடுத்தார்கள் என்று. அந்த மேனேஜரிடம் போய், நிஜமாகவே அதற்காகத்தான் எடுத்தீர்களா என்று நான் கேட்டதேயில்லை. கேட்டால் தத்துவம் போய்விடுமே என்ற பயம்தான்.

போன மாதம் எனக்குக் கொடுத்த வழியனுப்பு டீ பார்ட்டிக்குக் கெமிஸ்ட் மேடம் வந்திருந்தார். அவர் ஓய்வுபெற்று வருஷங்கள் ஆகின்றன. திருமானூரில் மகள் வீட்டில் இருக்கிறார். நான் மைக்கைப் பிடித்து முட்டைக் கதையைச் சொல்லி, குரலைத் தாழ்த்தி, தத்துவத்தையும் சொல்லி முடித்தேன். நல்ல கைத்தட்டல். இறங்கி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் வாழைக்காய் பஜ்ஜியைப் பிட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"ஒத்துக்கிட்டதுக்கெல்லாம் யாரு வேல குடுப்பா? கையில இரும்பு மின்னுது, ஒத்துக்காம என்ன பண்ணுவீங்க? அன்னிக்கி வந்த மூணு பேருல மத்த ரெண்டு பேரும் அந்தக் குண்டத் தாண்டிக்கிட்டு உள்ள வந்தாங்க. நீங்க ஒருத்தர்தான் குனிஞ்சு பாத்தீங்க. அதுக்குத்தான் எடுத்தோம். மத்தபடி நீங்க பேசுனது பூரா உளறல். இப்ப மைக்ல பேசுனதும் சேத்துத்தான்."